ஊசி குத்திய விரலும் ஒரு வெள்ளைத் திட்டும்

பல் மருத்துவம் படிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில்லை. அம்மா மைசூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். வீட்டில் ஒரு டாக்டர் வேண்டும் என்பது அவள் ஆசை. மருத்துவச் சீட்டுக்கு என் மதிப்பெண் எட்டவில்லை. பல் மருத்துவத்துக்கு எட்டியது. "வாயும் உடம்புலதானே இருக்கு, போய்ச் சேரு" என்றாள். சேர்ந்தேன்.

என் கைக்கு இயல்பிலேயே ஒரு நடுக்கம் உண்டு. முதல் வருடம் மெழுகுக் கட்டியில் பல் செதுக்கச் சொல்வார்கள். கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களைக் கத்தியால் எடுக்கும்போது என் கை ஆடி, நாலு மேடு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் மிஞ்சும். மெழுகு என்றால் உருக்கி மறுபடி செய்து கொள்ளலாம். நான்காம் வருடம் வந்தபோது எதிரே நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருந்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பல் பிடுங்கும் பிரிவில் எனக்கு இரண்டாவது வாரம். காலை ஒன்பது மணிக்கே வராந்தாவில் வரிசை நிற்கும். நஞ்சன்கூடு, சாமராஜநகர், கொள்ளேகால் பக்கமிருந்தெல்லாம் வருவார்கள். தமிழ் பேசுகிற நோயாளி வந்தால் சீட்டு என் மேசைக்கு வந்துவிடும். அன்றைக்கு வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை, ஒட்டிய கன்னம். குண்டலுபேட்டையிலிருந்து காய்கறி லாரி ஓட்டுபவர். திம்பம் மலைப்பாதை இறங்கி மேட்டுப்பாளையம் போய்ச் சுமை இறக்கிவிட்டுத் திரும்புவதுதான் வேலை. பூர்வீகம் கொள்ளேகால் பக்கம், தமிழ் பேசுகிற கௌதள்ளி என்றார்.

"அஞ்சு நாளா வலிங்க டாக்டரம்மா. ஸ்டேரிங் புடிக்க முடியல. புடுங்கி எறிஞ்சுருங்க."

வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கீழே வலப்பக்கக் கடைவாய்ப் பல் பாதி கரைந்திருந்தது. இடது கன்னத்தின் உட்புறம் நாலணா அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. அதைப் பார்த்ததும் ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் வரிசை நீளமாக இருந்தது. பரீட்சைக்கு முன் இத்தனை பல் என்று காட்ட வேண்டிய என் பதிவேட்டில் மற்றவர்களைவிட நான் பின்தங்கியிருந்தேன். பல்லை எடுத்துவிட்டுக் காட்டிக்கொள்ளலாம் என்று, நோயாளிச் சீட்டில் பாதிக் கேள்விகளைக் கேட்காமலேயே ஊசியை எடுத்துவிட்டேன். பழக்கவழக்கங்கள் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

மரத்துப்போகும் ஊசி நன்றாகவே போனது. மருந்து இறங்கியதும் உதடு தடித்துவிட்டதாகச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் ஊசிமுனைக்கு மூடியைப் பொருத்தப் போனேன். இடது கையில் மூடி, வலது கையில் ஊசி. அப்போது எல்லோரும் அப்படித்தான் மூடுவோம். கை லேசாக ஆடியது. ஊசி மூடிக்குள் போகாமல் என் இடது ஆள்காட்டி விரலுக்குள் போனது.

வலிக்கக்கூட இல்லை. கையுறைக்குள் விரல் நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது. அது மெதுவாகப் பெரிதாகி, ரப்பரில் ஒட்டிப் பரவியது. அந்தக் கணத்தில் நான் எழுந்து போய்க் கையைக் கழுவியிருக்க வேண்டும். எழவில்லை. எழுந்தால் பக்கத்து மேசைக்காரர்கள் என்னவென்று கேட்பார்கள், ஆசிரியர் வருவார், கேஸ் வேறொருவர் கைக்குப் போய்விடும். அதே கையுறையோடு, அதே விரலை அவர் வாய்க்குள் விட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டு, குறட்டால் பல்லை எடுத்தேன். ஈறு கிழிந்திருந்ததால் ஒரு தையலும் போட்டேன்.

"வெள்ளிக்கிழமை வந்து தையல் பிரிச்சுக்கோங்க" என்றேன். தலையாட்டிவிட்டுப் பஞ்சைக் கடித்தபடி போனார்.

அதற்குப் பிறகுதான் குழாயடிக்குப் போய்க் கையுறையைக் கழற்றினேன். விரலைப் பிதுக்கிப் பிதுக்கி, தண்ணீரைத் திறந்துவிட்டு, ஸ்பிரிட்டை ஊற்றி நின்றேன். அப்போதுதான் அந்த வெள்ளைத் திட்டு மறுபடி கண்முன் வந்தது. முந்தின மாதம்தான் வாய்நோய்கள் வகுப்பில் எய்ட்ஸ் நோயாளிகளின் வாயில் தெரியும் அடையாளங்களை நடத்தியிருந்தார்கள். தயிர் படிந்ததைப்போல வெள்ளைப் படலம். உடல் மெலிவு. அதோடு, அப்போது சுவரொட்டிகளிலும் பத்திரிகைகளிலும் எய்ட்ஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு லாரி நின்றது. நான் பார்த்த மனிதர் லாரி ஓட்டுபவர், மெலிந்தவர், வாயில் வெள்ளைத் திட்டு உள்ளவர். என் மனம் அந்த மூன்றையும் கூட்டி ஒரு விடை எழுதிவிட்டது. குழாயை மூடவே கை வரவில்லை.

ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். கன்னடத்தில்தான் பேசுவார்; அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

"மஞ்சள் காமாலைத் தடுப்பூசி மூணும் போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்."

"அப்ப அந்தக் கவலை விட்டது. இன்னொண்ணுக்குத் தடுப்பூசி கிடையாது. பேஷண்ட் எங்க?"

"போயிட்டாரு சார்."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "குத்தினதும் ஏன் சொல்லல?"

நான் விரலைப் பார்த்தேன். அவர் அதை விட்டுவிட்டு அடுத்ததைச் சொன்னார். "தையல் பிரிக்க வரும்போது ரத்தம் குடுக்கச் சம்மதமான்னு கேளு. கட்டாயப்படுத்தக் கூடாது. நீ இப்ப ஒரு டெஸ்ட், மூணு மாசம் கழிச்சு ஒரு டெஸ்ட் எடுத்துக்கோ. ஒட்டியிருந்தாலும் அதுக்கு முன்னாடி ரத்தத்துல தெரியாமப் போகலாம். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது."

பெரும்பாலும் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். முதல் பரிசோதனைக்கு அன்றும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. தெரியாமல் இருப்பது ஒரு பயம். தெரிந்துவிடுவது வேறொரு பயம். இரண்டில் முதலாவதே தேவலை போல இருந்தது.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அலமாரியிலிருந்து ஒரு தட்டையும் டம்ளரையும் எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டேன். என் பல் துலக்கும் பிரஷ்ஷைப் பொதுக் கோப்பையிலிருந்து எடுத்து என் மேசை இழுப்பறையில் போட்டேன். எனக்கு நன்றாகவே தெரியும், தட்டிலும் டம்ளரிலும் இது பரவாது. இரண்டு வாரங்களுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அதையே சொல்லிவிட்டு வந்தவள் நான். தெரிந்திருப்பதும் நம்புவதும் ஒன்றாக இல்லை. தங்கை என் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை எடுக்கக் கை நீட்டியபோது தட்டைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தேன். அவள் திகைத்துப் போனாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. வராந்தாவில் காக்கிச் சட்டை தெரியும்போதெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தேன். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை பதிவேட்டைப் புரட்டி முகவரியைப் பார்த்தேன். குண்டலுபேட்டை, மார்க்கெட் பின்புறம். அவ்வளவுதான் எழுதியிருந்தது. என் வகுப்புத் தோழி மட்டும் விஷயம் தெரிந்தவள். மைசூர்க்காரி, கன்னடம்தான் வீட்டு மொழி. "சும்மா உக்காந்து சாகறதுக்கு நேர்ல போய்க் கேட்டுடலாம், வாடி" என்று அவள்தான் இழுத்துக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றினாள்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் லாரிகள் நிற்கும் இடத்தில் விசாரித்தோம். போன வாரம் பல் பிடுங்கிக்கொண்டவர் என்று சொன்னதும் ஒருவர் சிரித்துக்கொண்டே ஓட்டு வீடு ஒன்றைக் காட்டினார். கதவைத் திறந்தது அவர் மனைவி. வெள்ளைக் கோட்டு இல்லாமலேயே எங்களைக் கண்டுகொண்டாள்.

"ஆசுபத்திரியில இருந்துங்களா? உள்ள வாங்க. இப்பத்தான் லோடு எறக்கீட்டு வந்து படுத்தாரு. எழுப்பறேன்."

பாயில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். டம்ளரைக் கையில் வாங்கினேன். உதடு வரை கொண்டுபோனேன். குடிக்க முடியவில்லை. தோழி மடமடவென்று குடித்துவிட்டு வைத்தாள். அந்த அம்மாள் என் நிறைந்த டம்ளரை ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பார்வையை இன்று நினைத்தாலும் எனக்கு முகம் சுடும்.

அவர் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "தையல் பிரிக்க வரலையேன்னு தேடிட்டு வந்தீங்களா? அதைய நானே எடுத்துட்டனுங்க. வண்டிச் சைடு கண்ணாடியில பாத்து, பிளேடுல ஒரு இழு."

"அதுக்காக வரல. உங்ககிட்ட தனியா ஒரு விஷயம் பேசணும்."

"அவ இருக்கட்டுங்க. சொல்லுங்க."

நான் சுற்றிச் சுற்றிப் பேசினேன். அன்றைக்கு ஊசி கை தவறி என் விரலில் குத்திவிட்டது, அதனால் ஒரு ரத்தப் பரிசோதனை, சும்மா ஒரு பாதுகாப்புக்கு, பெரிதாக ஒன்றும் இல்லை என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"என்ன பரிசோதனைங்க?"

"எய்ட்ஸ் இருக்கான்னு பாக்கறது."

சுவரோரம் நின்றிருந்த அவர் மனைவி உட்கார்ந்துவிட்டாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ வெங்காய மூட்டையைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

"என்னையப் பாத்தா அப்படித் தெரியுதுங்களா?"

"அப்படி இல்ல. யாரா இருந்தாலும் கேப்போம்."

"யாரா இருந்தாலும் வீடு தேடி வருவீங்களா?"

நான் தலையைக் குனிந்தேன். தோழிக்குத் தமிழ் பாதிதான் புரியும். ஆனால் முகங்களைப் பார்த்து அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் திடீரென்று கேட்டார். "எனக்குப் போட்ட ஊசி புதுசுதானுங்களா?"

"புதுசுதான். நானே பிரிச்சேன்."

"அந்தக் கொறடு?"

"கொதிக்க வெச்சது."

"முழுசா கொதிச்சுதான்னு நீங்க பாத்தீங்களா?"

கொதிநீர்த் தட்டிலிருந்து அதை அவசரமாக எடுத்தது நினைவுக்கு வந்தது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முன்னால் எடுத்தவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். "பாக்கல" என்றேன்.

"ஊசி குத்துனதுக்கப்பறம் உங்க விரல்ல ரத்தம் வந்துதுங்களா?"

"வந்துது."

"அந்த விரலத்தானுங்களே என் வாய்க்குள்ள விட்டீங்க?"

எட்டு நாட்களாக நான் என்னைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். ஊசி அவரிடமிருந்து என்னிடம் வந்த பாதையை ஆயிரம் தடவை மனதில் போட்டுப் பார்த்திருந்தேன். என்னிடமிருந்து அவரிடம் ஒரு பாதை இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை என்று யோசித்தால், நான் சுத்தம், அவர் சுத்தமில்லை என்று முதல் நிமிடமே முடிவு செய்திருந்தேன். வேறு காரணம் இல்லை.

"யோசிச்சுச் சொல்றனுங்க" என்று அவர் எழுந்துகொண்டார். வாசல் வரை யாரும் வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் தோழி ஜன்னல் பக்கம் இடம் கொடுத்தாள். "என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். அவர் கேட்டதைச் சொன்னேன். "சரியாத்தானே கேட்டிருக்காரு" என்றாள்.

அந்த வாரம் நான் எப்படிப் பரீட்சைக்குப் படித்தேன் என்று எனக்குத் தெரியாது. புத்தகத்தில் ஒரே பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு விரல் நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஊசி குத்திய தடம்கூட மறைந்துவிட்டது. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவித் தடவி, தடவிய இடமே வலிக்க ஆரம்பித்தது. ஒரு நாள் மழையில் நனைந்து சளி பிடித்தது. இரண்டு நாள் காய்ச்சல். அவ்வளவுதான், வந்துவிட்டது என்று போர்வைக்குள் சுருண்டுகொண்டேன். அம்மா நெற்றியில் கை வைத்தபோது கையைத் தள்ளிவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை, வராந்தாவில் அவர் நின்றிருந்தார். பக்கத்தில் மனைவி. அவர் பேசுவதற்கு முன் அவள் பேசினாள்.

"நான்தான் இழுத்துட்டு வந்தனுங்க. அஞ்சாறு நாளா எனக்குச் சோறு எறங்கல. இருக்கா இல்லையான்னு தெரிஞ்சா அதுக்கப்பறம் பாத்துக்கலாம்."

அவர் ஒன்று மட்டும் சொன்னார். "நீங்களும் குடுங்க. ரெண்டு பேரும் குடுக்கலாம். உங்களுதையும் எனக்குக் காட்டணும்."

நியாயம்தான். ஆசிரியர் கடிதம் எழுதித் தந்தார். பெரிய ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ஒரு மர பெஞ்சில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். உள்ளே இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "எச்.ஐ.வி. ரெண்டு பேரா? புருஷன் பொண்டாட்டியா?" என்று கன்னடத்தில் கேட்டார். பெஞ்சின் அந்தப் பக்கம் இருந்த ஒரு பெண் தன் குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த அவர் சட்டைக் கையை மடித்தார். என் கை நடுங்கியதைப் பார்த்து, "ஊசி போடற டாக்டரே ஊசிக்குப் பயந்தா எப்படிங்க?" என்றார். கேலியா ஆறுதலா என்று புரியவில்லை.

முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அவரவர் கையில்தான் தருவார்கள். என்னுடையது அடுத்த வாரம் புதன்கிழமை கைக்கு வந்தது. பிரிக்கவில்லை. கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் நோயாளிகளைப் பார்த்தேன். நடக்கும்போதெல்லாம் அந்த உறை சரசரக்கும். வெள்ளிக்கிழமை மதியம் அவர் வந்தார். அவர் கையிலும் ஒட்டியபடியே ஒரு உறை.

"இங்கிலீசுல இருக்கும். நீங்களே பிரிங்க" என்று நீட்டினார்.

வரிசை முடிந்து நாற்காலிகள் காலியாக இருந்த நேரம். அவர் மனைவி அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள். உறையை ஓரமாகக் கிழிக்கத் தெரியாமல் நடுவில் கிழித்தேன். எழுத்துகள் ஒரு கணம் கலங்கின.

"இல்லைன்னு வந்திருக்கு."

"இல்லைன்னா? நோவு இல்லைங்களா?"

"இல்ல. ஒண்ணும் இல்ல."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் என் கோட்டுப் பையைக் காட்டினார். என்னுடையதையும் பிரித்தேன். அதுவும் அப்படியே. சுழலும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதச் சோதனை இன்னும் பாக்கி இருந்தது. ஆனாலும் அவரிடமே இல்லையென்றால் எனக்கு எங்கிருந்து வரும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டது. வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது.

"வந்ததுதான் வந்தேன், புண்ணு ஆறீருச்சான்னு ஒரு பார்வை பாத்துருங்க" என்று அவர் தானாகவே நாற்காலியில் ஏறிச் சாய்ந்து வாயைத் திறந்தார்.

புதுக் கையுறை போட்டுக்கொண்டேன். பல் இருந்த இடம் நன்றாக மூடியிருந்தது. விளக்கைத் திருப்பியபோது இடது கன்னத்தில் அந்தத் திட்டு தெரிந்தது. காஸ் துணியை விரலில் சுற்றி அதைத் துடைத்தேன். படலமாக இருந்தால் உரிந்து வரும். வரவில்லை. அழுத்தித் துடைத்தேன். தோலோடு தோலாக, தடிப்பாக, அசையாமல் இருந்தது.

"பொகையிலை போடுவீங்களா?"

"போடுவனுங்க. சுண்ணாம்பு கலந்து, இந்தக் கன்னத்துலதான் ஒதுக்கிக்குவேன். இருவது வருசமா. இல்லாட்டி திம்பத்துல கண்ணு சொக்கீருமுங்க."

முதல் நாள் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இந்தப் பதில் அன்றே கிடைத்திருக்கும். இது எய்ட்ஸின் அடையாளம் இல்லை. புகையிலை வைக்கும் இடத்தில் வரும் திட்டு. விட்டுவிட்டால் சிலருக்கு அது புற்றுநோயாகப் போகும். என்னைப் பயமுறுத்திய அந்த வெள்ளைத் திட்டு முதலிலிருந்தே அவருடைய ஆபத்தாகத்தான் இருந்திருக்கிறது. மூன்று வாரமாக இரவும் பகலும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வீடு வரை போனேன். பக்கத்தில் உட்கார்ந்து ரத்தம் கொடுத்தேன். அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

சொன்னேன். அந்த இடத்தில் கொஞ்சம் சதையை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதைய முந்தியே பாத்தீங்களா?"

"முதல் நாளே பாத்தேன்."

"பாத்துட்டு ஏனுங்க சொல்லல?"

"எனக்கு என்ன ஆகுமோன்னு பயம். அதையே நினைச்சுட்டு இருந்துட்டேன்."

அவர் நாற்காலியிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடினார். "ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு. இன்னும் எத்தனை சோதனைங்க? நான் வண்டி ஓட்டறதா, இங்க படுத்துக்கறதா?" குரல் உயர்ந்தது. அறையின் கோடியிலிருந்த தோழி திரும்பிப் பார்த்தாள். அவர் கதவு வரை போய்விட்டார். மனைவிதான் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னைக்கே எடுத்தர முடியுமுங்களா?"

முடியும் என்றேன். என்னால் அல்ல. ஆசிரியரைக் கூட்டிவந்தேன். அவர் எடுத்தார், நான் விளக்கைப் பிடித்தேன்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன. புகையிலையை விட்டே ஆக வேண்டும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காட்டியே ஆக வேண்டும் என்று ஆசிரியர் கண்டிப்பாகச் சொன்னார். "விட்டுருவனுங்க" என்றார் அவர். அவர் விட மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அந்த விஷயத்திலும் நான் அவரைப் பற்றி முன்கூட்டியே முடிவு கட்டினேன். அவர் விட்டார், மறுபடி போட்டார், மறுபடி விட்டார்.

இதற்கிடையில் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கோட்டைத் துவைக்கப் போட்டபோது பையிலிருந்த உறையை எடுக்க மறந்திருந்தேன். கல்லூரியிலிருந்து வந்தபோது அவள் அந்தக் காகிதத்தை உலர்த்தி, மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி இது?"

எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"தட்டைத் தனியா வெச்சப்பவே ஏதோன்னு நெனச்சேன். யாரையோ லவ் பண்ணித் தொலைச்சிட்டியோன்னு பிரேயர் பண்ணிட்டிருந்தேன். ஒரு நர்ஸ் வீட்ல இருக்கேன், என்கிட்ட சொல்ல மாட்டியா?"

"நீ பயப்படுவேன்னு."

"நானா? எனக்கு எத்தனை தடவை குத்தியிருக்கு தெரியுமா? நான் எண்ணினதே இல்ல" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து போய் என் தட்டையும் டம்ளரையும் மற்றவற்றோடு சேர்த்து அடுக்கினாள். அன்று இரவு ஜெபம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

மூன்று மாதம் முடிந்த அன்று, அம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். துணைக்கு என்றுதான் நினைத்தேன். அதே பெஞ்ச். என் பெயரைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்து முடித்ததும், அம்மா எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்து தன் கையை நீட்டினாள். கைப்பையிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. எப்போது யாரிடம் எழுதி வாங்கினாள் என்று தெரியவில்லை.

"எதுக்கும்மா உனக்கு?"

"சும்மா இரு" என்றாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த ஒரு வாரம்தான் மூன்று மாதங்களிலும் கொடுமையானது. எனக்காகப் பயந்து பயந்து எனக்கு அது பழகிப்போயிருந்தது. அம்மாவுக்காகப் பயப்படப் பழகியிருக்கவில்லை. இருபது வருட நர்ஸ் வேலை. எத்தனை பிரசவம், எத்தனை ஊசி. அவள் வேலைக்குப் போவதும் வருவதும் சமைப்பதும் எப்போதும்போல நடந்தன. ஆனால் ஒருமுறை உப்புப் போட மறந்தாள். மறுநாள் இரண்டு முறை போட்டாள்.

இருவருக்கும் இல்லை என்று வந்தது. அம்மா காகிதங்களை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நடந்தோம்.

அந்த வருடப் பரீட்சையில் எல்லாத் தாளிலும் தேறினேன்; ஒன்றில் மட்டும் மயிரிழையில். கை நடுக்கம் முழுதாகப் போகவில்லை. ஊசிக்கு மூடி போடும் பழக்கத்தை விட்டுவிட்டேன். பயன்படுத்தியதும் அப்படியே ஒரு தகர டப்பாவில் போடுவேன். நோயாளிச் சீட்டில் எல்லா இடமும் நிரம்பாமல் ஊசியைத் தொடுவதில்லை. அதனால் என் வரிசை எப்போதும் மெதுவாகவே நகரும். அதற்காக ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

பயிற்சி மருத்துவராக இருந்த வருடம் முழுக்க அவர் வந்துகொண்டிருந்தார். சில சமயம் மூன்று மாதம் ஆகிவிடும். திட்டு ஓரங்களில் மெலிந்து, பாதியாகச் சுருங்கியிருந்தது. எனக்குப் பயிற்சி முடிகிற வாரம் கடைசியாக வந்தார். பார்த்து முடித்து, அடுத்து வர வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதினேன்.

"அடுத்த தடவை நீங்க இருப்பீங்களா டாக்டரம்மா?"

"இருக்க மாட்டேன். சார் பாப்பாரு. அவர்கிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன்."

"எங்க போறீங்க?"

"இன்னும் தெரியல. வேலை தேடணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "குண்டலுபேட்டையில பல் டாக்டரே இல்லீங்க" என்றார். சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அது அழைப்பா, சும்மா சொன்ன பேச்சா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். நான் அங்கே போகவில்லை. நஞ்சன்கூட்டில் ஒரு டாக்டரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன். குண்டலுபேட்டைக்காரர் தேதி தவறாமல் வந்தாரா என்று ஆசிரியரிடம் கேட்க இரண்டு முறை தொலைபேசியை எடுத்தேன். முதல் முறை மணி அடிக்கும்போதே வைத்துவிட்டேன். இரண்டாவது முறை கேட்டேன். "வந்தார், நல்லாயிருக்கார்" என்றார் ஆசிரியர். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது.